இரண்டாம் சரணத்தில் நுழைந்த குரல்

லிங்கின் பார்க் குழுவின் ஷினோடா, டெல்சன், ஃபாரல், ஹான், எமிலி ஆம்ஸ்ட்ராங், காலின் பிரிட்டன் ஆகிய உங்கள் அறுவருக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் ‘ஃப்ரம் ஜீரோ’ 2024 நவம்பர் 15 அன்று வெளிவந்தது. அன்றிரவே கேட்டேன். அதற்குப் பிறகு கடையில், பேருந்தில், மொட்டை மாடியில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இருந்தும் “ஆல்பம் எப்படிண்ணே இருக்கு?” என்று என் தங்கை கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில்தான் வருகிறது. ஒருநாள் நன்றாக இருக்கிறது என்பேன். மறுநாள் அதே பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன். இந்தத் தடுமாற்றத்தை உங்களிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். 22 வருடப் பழக்கத்தில் அந்த உரிமை எனக்கு உண்டு.

என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பனைமரத்திலும் மின்கம்பத்திலும் குழாய்களைக் கட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். நான் நடக்கத் தொடங்கியதும் ஒயர் சுற்றக் கற்றுக்கொண்டேன் என்று அம்மா சொல்வாள். பாட்டுக் கேட்கும்போது ராகம் தாளத்துக்கு முன்னால் குரல் எங்கே உடைகிறது, எங்கே மைக் கூவப்போகிறது என்பதுதான் என் காதில் விழும். உங்களைக் கேட்டதும் அந்தக் காதோடுதான்.

2003-இல் நான் திருச்சியில் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறை நண்பன் ஒருவனிடம் உங்கள் ‘மீட்டியோரா’ சிடி இருந்தது. அதை 60 நிமிடக் கேசட்டில் பதிந்துகொண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். என் சித்தி மகன், தம்பி, அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அப்பாவின் கடைக்கு வந்துவிடுவான். அந்தக் கேசட்டைப் போட்ட முதல் நாள் அவன் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் கேசட்டின் அட்டையில் பாட்டுப் பெயர்களை எல்லாம் தமிழில் எழுதிவிட்டான். ‘ஃபெயிண்ட்’, ‘பிரேக்கிங் த ஹேபிட்’ என்று வரிசையாகப் போய்க் கடைசியில் ‘நம்’. அந்தச் சொல்லுக்கு மரத்துப்போவது என்று பொருள் என்று நான் சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. அவனுக்கு அது தமிழ் ‘நம்’தான். நம் வீடு, நம் ஊர், நம் கடை என்பதில் வருகிற ‘நம்’.

‘மீட்டியோரா’ முப்பத்தாறு நிமிடங்களுக்குச் சற்று மேலே ஓடும். கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அதனால் ‘நோபடீஸ் லிசனிங்’ பாட்டின் நடுவில் ஏ பக்கம் தீர்ந்துவிடும். பி பக்கத்தில் அதன் மிச்சம், ‘செஷன்’, பிறகு ‘நம்’. அதற்கு அப்புறம் இருபது நிமிடத்துக்கும் மேலாக வெற்று நாடா. அந்த வெற்று நாடாவின் தொடக்கத்தில் தம்பி ஒருநாள் கடை மைக்கை வைத்துத் தன் குரலைப் பதிந்தான். “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்று அப்பாவைப் போலவே தொடங்கி, ‘நம்’ பாட்டின் முதல் அடிகளைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாடுகிறான். அவனுக்கு அப்போது மகரக்கட்டு. மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிளக்கிறது. சிரிக்கிறான். அதோடு முடிகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சித்தி வீடு கீச்சாங்குப்பத்தில் இருந்தது. நான் திருச்சியில் இருந்தேன். அன்றைய கடல்கோளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் என் தம்பியும் அவனுடைய பன்னிரண்டு வயதுத் தங்கையும் உண்டு. சித்தியும் சித்தப்பாவும் பிழைத்தார்கள். கேசட் கடையில், மேல் தட்டில் இருந்ததால் தப்பியது. அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

நீங்கள் ‘மியூசிக் ஃபார் ரிலீஃப்’ அமைப்பைத் தொடங்கியது அந்தக் கடல்கோளுக்காகத்தான் என்பது சில வருடம் கழித்து ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. 2005 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அனஹைமில் பெரிய கச்சேரி நடத்தி நிதி திரட்டியிருக்கிறீர்கள். அந்தப் பணம் எந்தக் கரைக்குப் போயிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். கேசட் அட்டையில் ‘நம்’ என்று எழுதியவன் இல்லாமல் போன அதே வாரங்களில், அந்தப் பாட்டைப் பாடியவர்கள் எங்கள் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. திரையைப் பார்த்தபடி வெகுநேரம் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உங்கள் பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் குரலைப் பற்றி நான் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. அலறிப் பாடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அலறல் தொடங்கியதும் சுருதி போய்விடும், வெறும் சத்தம் மிஞ்சும். செஸ்டரின் அலறலில் சுருதி நிற்கும். குரல் கிழிந்துகொண்டே இருக்கும், உள்ளே ஒரு சுரம் அசையாமல் நிற்கும். நான் அதை வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் அப்பாயி சாவு வீடுகளில் ஒப்பாரி வைப்பவள். மாரில் அடித்துக்கொண்டு, மூச்சுத் திணறி, கண்ணீர் மூக்கில் வழிய அழும்போதும் அவள் மெட்டை விட்டு விலகியதே இல்லை. மெட்டு இருப்பதால்தான் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து அழ முடிகிறது. சுனாமிக்குப் பிறகு பல மாதங்கள் சித்திக்கு அழுகையே வரவில்லை. கல்லாட்டம் உட்கார்ந்திருப்பாள். அப்பாயி அப்போது உயிரோடு இல்லை. நான் இரவுகளில் இயர்போனை மாட்டிக்கொண்டு செஸ்டரைக் கேட்டேன். எங்கள் வீட்டில் யாரும் வைக்காத ஒப்பாரியை எனக்காக அவர் வைத்தார். சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமைகளை அவர் வெளிப்படையாகப் பேசியவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

2017 ஜூலை 20 அன்று அவர் தன்னை மாய்த்துக்கொண்டார். அந்த வருடம் அக்டோபர் 27 அன்று ஹாலிவுட் பௌல் அரங்கில் நீங்கள் நடத்திய அஞ்சலிக் கச்சேரியை அப்பாவும் நானும் செல்போனில் பார்த்தோம். ‘நம்’ பாட்டுக்கு நீங்கள் வாத்தியங்களை மட்டும் வாசித்தீர்கள். பூச்சுற்றிய மைக் ஸ்டாண்டின் மேல் வெளிச்சம் விழுந்தது. பாட வேண்டியதை எல்லாம் கூட்டம் பாடியது. அப்பாவுக்கு உங்கள் பாட்டுகள் பிடிக்காது, இரைச்சல் என்பார். அன்று மட்டும் “ஸ்டாண்டை எடுக்காம விட்டிருக்கானுவ பாரு” என்றார். நாற்பது வருடம் மேடைகளில் மைக் ஸ்டாண்டை நிறுத்தி எடுத்தவர் அவர். ஆள் இல்லாத இடத்தில் ஸ்டாண்டு நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் நீங்கள் குழுவாக மேடையேறவில்லை. ஷினோடா, நீங்கள் 2018-இல் ‘போஸ்ட் ட்ராமாட்டிக்’ என்ற தனி ஆல்பம் போட்டீர்கள். அது ஒரு மனிதன் துக்கத்தோடு தன் வீட்டுக்குள்ளேயே நடமாடுவது போலிருந்தது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். 2023 பிப்ரவரியில், ‘மீட்டியோரா’வின் இருபதாம் ஆண்டுப் பதிப்புக்காக, 2003-இல் விட்டுப்போன ‘லாஸ்ட்’ என்ற பாட்டை வெளியிட்டீர்கள். இருபது வருடத்துக்கு முந்தைய செஸ்டரின் குரல் அதில் புதிதாக இருந்தது. அன்றிரவு மேல் தட்டிலிருந்து எங்கள் கேசட்டை எடுத்தேன். போனவர்களின் குரல் நாடாவில் மட்டும் வயதாகாமல் இருப்பதை நீங்களும் நானும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

2024 ஆகஸ்டில் 100 மணி நேரக் கடிகாரம் ஒன்றைப் பின்னோக்கி ஓடவிட்டீர்கள். பூஜ்யத்தைத் தொட்டதும் ஏதோ அறிவிப்பு வரும் என்று உலகமே காத்திருந்தது. அது நிற்காமல் மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது. செப்டம்பர் 5 அன்று, இங்கே மறுநாள் அதிகாலை, நேரலையில் வந்தீர்கள். எமிலி, ‘டெட் சாரா’ குழுவில் பாடியபோது உங்களை நான் கேட்டதில்லை. ‘தி எம்ப்டினஸ் மெஷின்’ தொடங்கியது. முதல் சரணத்தையும் பல்லவியையும் ஷினோடாவே பாடினார். ஆள் வரமாட்டாரோ என்று நினைத்தேன். இரண்டாம் சரணத்தில் நீங்கள் நுழைந்தீர்கள்.

அந்த ஏற்பாடு மரியாதையாக இருந்தது. கதவை வீட்டுக்காரர் திறந்து, தான் முதலில் நின்று, பிறகு ஒதுங்கி வழிவிடுவது போல. எமிலியின் குரலில் ஒரு சொரசொரப்பு இருக்கிறது, நனைந்த கயிற்றை இழுப்பது போன்ற ஒன்று. அது செஸ்டருடைய குரல் அல்ல, அதை அவர் போலி செய்யவும் இல்லை. அந்த முதல் கேட்பிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று குற்ற உணர்ச்சியும் வந்தது. இரண்டும் ஒரே நிமிடத்தில்.

ஆல்பத்தில் நான் முழு மனதோடு நேசிக்கும் பாட்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘கேஷுவல்டி’. ஷினோடா இதுவரை காட்டாத கரகரப்பில் கத்துகிறார், எமிலி அதற்கும் மேலே போய் நிற்கிறார். மூச்சுவிட நேரமில்லாத பாட்டு. உங்கள் பழைய ஆல்பங்களில் எதிலும் இதை வைக்க முடியாது, இது இந்த அறுவருடையது. ‘ஓவர்ஃப்ளோ’ அதற்கு நேர்மாறு. தாழ்ந்த பேஸ் ஒலி தரையில் தண்ணீர் மாதிரிப் பரவுகிறது, குரல் அதன் மேல் மிதக்கிறது. ‘எ தௌசண்ட் சன்ஸ்’ வந்தபோது பலர் உங்களைத் திட்டினார்கள், நான் அந்த ஆல்பத்தின் கட்சிக்காரன். அதன் வாசனை இதில் இருக்கிறது. கடைசிப் பாட்டு ‘குட் திங்ஸ் கோ’, தன் இருட்டைச் சகித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவரிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு. அதில் எமிலி குரலை உயர்த்தாமல் பாடுகிற இடங்களில்தான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

‘ஓவர் ஈச் அதர்’ பாட்டை எமிலி தனியாகப் பாடுகிறார். பாட்டு சுமார்தான், குரல் நன்றாக இருக்கிறது. ‘ஸ்டெய்ன்ட்’ எனக்கு ஒட்டவில்லை.

இனி மனத்தாங்கல்.

‘ஹெவி இஸ் த கிரவுன்’ பாட்டில் எமிலி ஒரே மூச்சில் பதினைந்து நொடிக்கும் மேல் அலறுகிறார். உலகத்தில் உங்கள் ரசிகன் எவனுக்கும் அந்த இடத்தில் 2007-இன் ‘கிவன் அப்’ நினைவுக்கு வராமல் இருக்காது. அதில் செஸ்டரின் அலறல் பதினேழு நொடி. அந்த நொடிகளை நாங்கள் வாட்ச் வைத்து எண்ணியிருக்கிறோம். அதனால் இந்தப் பாட்டைக் கேட்கும்போது பாட்டைக் கேட்க முடிவதில்லை, எண்ணத் தொடங்கிவிடுகிறேன். எமிலி தேறிவிட்டார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரை ஏன் பரீட்சைக்கு உட்கார வைத்தீர்கள்? வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு பெண்ணிடம் போனவர்களின் சமையலைச் செய்து காட்டச் சொல்வது போல எனக்கு இருந்தது. ‘டூ ஃபேஸ்ட்’ பாட்டிலும் ‘கட் த பிரிட்ஜ்’ பாட்டிலும் இதே சங்கடம். ஒன்றில் ‘ஹைப்ரிட் தியரி’ காலத்துச் சுரண்டல் ஒலிகள், இன்னொன்றில் ‘பிளீட் இட் அவுட்’ பாட்டின் நடை. ஜோ ஹானின் டர்ன்டேபிள் திரும்பி வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். கேட்டு முடித்ததும் நினைவில் நிற்பது பழைய பாட்டாக இருக்கிறது.

காது பழகியவனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்தம் சுமார் 32 நிமிடம். அந்த 32 நிமிடமும் ஒலி விளிம்புவரை நிரம்பியிருக்கிறது. கிட்டார், டிரம், கீபோர்டு, குரல் மேல் குரல். மைக் செட்காரர்கள் எல்லா நாபையும் ஏற்றி வைத்தால் கூட்டம் கொஞ்ச நேரம் குதூகலப்படும், அரை மணியில் களைத்துவிடும் என்பார் அப்பா. செஸ்டரின் பாட்டுகளில் அலறலுக்கு முன்னால் ஒரு காலியிடம் இருக்கும், வெறும் மூச்சு இருக்கும். அந்தக் காலியிடத்தில்தான் நாங்கள் எங்கள் துக்கத்தை வைத்தோம். ‘ஃப்ரம் ஜீரோ’வில் எதையும் வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. காலின், உங்கள் டிரம் துல்லியமானது, பலமானது. முன்பு டிரம் வாசித்த ராப் போர்டன் விலகியிருக்க விரும்பினார் என்று ஷினோடா சொன்னதைப் படித்தேன், அந்த விருப்பத்தை மதிக்கிறேன். அவருடைய வாசிப்பில் அடிகளுக்கு நடுவே கொஞ்சம் பொறுமை இருக்கும், அதை இழந்திருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டெல்சன் ஒலிப்பதிவில் இருக்கிறார், மேடையில் அவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்கிறார். இதுவும் பழக நாளாகும்.

எமிலி, உங்களைப் பற்றி எழுந்த ஒரு கேள்வியை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. பல வருடம் முன்பு ஒருவருக்காக நீதிமன்ற விசாரணை ஒன்றுக்குப் போனதைப் பற்றி அறிவிப்பு வந்த அதே வாரத்தில் நீங்களே எழுதினீர்கள், போயிருக்கக் கூடாது என்று உணர்ந்ததாகச் சொன்னீர்கள். பலருக்கு அது போதவில்லை. செஸ்டரின் மகனும் தாயும் குழுவின் முடிவைப் பற்றிப் பொதுவெளியில் வருத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருத்தத்தின் பக்கத்தில் என் வருத்தம் சிறியது. அவர்கள் பேசும்போது நீங்கள் எல்லோரும் காதுகொடுக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

என் பெரிய மனத்தாங்கல் ஆல்பத்தின் பெயரில் இருக்கிறது. உங்கள் குழுவின் முதல் பெயர் ‘ஜீரோ’ என்பதும், அதை நினைத்துத்தான் இந்தத் தலைப்பு என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் இருந்த காலத்தில் உங்களுக்குப் பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் போன பிறகு, 1999-இல், அரிசோனாவில் இருந்த செஸ்டருக்கு நாடாவை அனுப்பினீர்கள். தன் 23-ஆவது பிறந்தநாள் விருந்தை விட்டுவிட்டுப் போய் அவர் அந்தப் பாட்டுகளில் தன் குரலைப் பதிந்து அனுப்பினார். ‘ஹைப்ரிட் தியரி’யில் ‘ரன்அவே’, ‘எ பிளேஸ் ஃபார் மை ஹெட்’, ‘ஃபர்காட்டன்’ பாட்டுகளை எழுதியவர்கள் வரிசையில் வேக்ஃபீல்டின் பெயர் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்ற ஆல்பம் அது. அதில் செஸ்டர், முன்னால் இருந்த ஒருவரின் சொற்களையும் சேர்த்துத்தான் பாடினார். பிறகு 2013-இல் ‘ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ்’ குழுவில் ஸ்காட் வைலண்ட் நின்ற இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றார். இன்னொருவர் விட்டுப்போன மைக்கின் முன்னால் போய் நிற்பது எப்படி என்று உங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எமிலி வரக்கூடாது என்று சொல்ல அதனால்தான் என் நாக்கு எழவில்லை.

வேக்ஃபீல்டின் பெயரை அந்தப் பாட்டுகளில் விட்டு வைத்த நீங்கள், பதினொரு தடங்கள் கொண்ட இந்த ஆல்பத்தில் செஸ்டர் போனதைப் பற்றி நேராக ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. தொடக்கத் தடத்தில் எமிலி தலைப்பின் பொருளைக் கேட்கிறார், பூஜ்யமா, ஒன்றுமில்லாததிலிருந்தா என்கிற மாதிரி. யாரும் நின்று பதில் சொல்வதில்லை, அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன். கடல்கோளில் பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் எங்கள் கரையில் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அதை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு உதவியது. சித்தியும் செய்துகொண்டாள். 2007-இல் தங்கை பிறந்தாள். தெருவில் இருந்த கிழவிகள் எல்லாம் “போனவளே வந்துட்டா” என்றார்கள், போன பெண்ணின் பெயரையே வைக்கச் சொன்னார்கள். சித்தி மறுத்துவிட்டாள். வேறு பெயர் வைத்தாள். ஆனாலும் அவசரத்தில் கூப்பிடும்போது வாயில் பழைய பெயர்தான் வரும். பாதியில் நிறுத்திக்கொள்வாள். தங்கை அந்தப் பாதிப் பெயருக்கும் திரும்பிப் பார்த்து வளர்ந்தவள்.

அவள் உங்களுக்குள் வந்தது எமிலி வழியாக. ‘தி எம்ப்டினஸ் மெஷின்’ கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள், அங்கிருந்து பின்னோக்கிப் போய்த்தான் செஸ்டரைக் கேட்டாள். அவளுக்கு அந்த இரண்டாம் சரணம்தான் தொடக்கம். ‘ஹெவி இஸ் த கிரவுன்’ பாட்டில் நான் நொடிகளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கோபப்பட்டாள். “எண்ணாதீங்கண்ணே. என்னையும் இப்படித்தான் எல்லாரும் எண்ணிப் பாத்தாங்க. அக்கா இந்த வயசுல இவ்வளவு உயரம், அக்கா இந்த வயசுல இவ்வளவு மார்க்குன்னு.” நான் பேசாமல் இருந்தேன். சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: “ஆனா அண்ணன் போட்டோவும் அக்கா போட்டோவும் வீட்டுல இல்லாம இருந்திருந்தா எனக்குப் பயமா இருந்திருக்கும். எதுக்கு மறைக்கிறாங்கன்னு.”

எனக்குள் இருந்ததை அவள்தான் சரியாகச் சொன்னாள். எமிலி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார், நல்லது. செஸ்டரின் படத்தைச் சுவரிலேயே விட்டு வையுங்கள். அவருக்காகவும் அது வேண்டும். செஸ்டரைப் பற்றி ஒரு பாட்டை எமிலி பாட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, அது அவர்மேல் ஏற்றும் இன்னொரு சுமையாகிவிடும். ஷினோடா பாடலாம். யாரும் பாடாமலும் இருக்கலாம், ஹாலிவுட் பௌல் அரங்கில் செய்தது போல.

2025 மே மாதம் விரிவுபடுத்திய பதிப்பு வந்தது. அதில் சேர்ந்த மூன்று பாட்டுகளில் ‘லெட் யூ ஃபேட்’ ஒன்று. அதைக் கேட்டதும் நான் செஸ்டரைத்தான் நினைத்தேன். நினைத்தபோது, இந்தப் பாட்டு ஏன் நவம்பரில் வரவில்லை, ஏன் வீட்டுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிய அறையில் இருக்கிறது என்று ஆத்திரமாகவும் இருந்தது. ஒருவேளை உங்களுக்கும் நேரம் தேவைப்பட்டிருக்கலாம். சித்திக்கு வாய்விட்டு அழ எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்த்தவன் நான், அவசரப்படுத்த எனக்கு மனமில்லை. அடுத்த ஆல்பம் எப்போது வந்தாலும் காத்திருப்பேன். அதில் ஓரிடத்தில் எல்லா நாபையும் இறக்கி வையுங்கள். இருபது நொடி போதும்.

வருடாவருடம் டிசம்பர் 26 அன்று கடற்கரையில் பால் ஊற்றிவிட்டுச் சித்தி எங்கள் கடைக்கு வருவாள். அப்பாவின் பழைய டேப் டெக் இன்னும் ஓடுகிறது. பி பக்கத்தைப் போடுவோம். ‘நம்’ முடிந்ததும் தம்பி மைக் டெஸ்டிங் சொல்வான், பாடுவான், குரல் பிளக்கும், சிரிப்பான். தங்கைக்கு அண்ணன் என்றால் அந்தச் சிரிப்புதான். போன வருடம் அவளிடம் கேட்டேன், நாடா மிச்சம் நிறைய இருக்கிறது, நீயும் ஏதாவது பாடிப் பதிகிறாயா என்று. வேண்டாம் என்று தலையசைத்தாள். “அது அவரோடது. எனக்கு வேற கேசட் குடுங்க.”

கடையில் துழாவிப் பிரிக்காத கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் கேட்டபடி ‘தி எம்ப்டினஸ் மெஷின்’ முதல் சரணத்தை நான் பாடினேன், எனக்குச் சுருதி நிற்காது, இருந்தாலும் பாடினேன். இரண்டாவதில் அவள் நுழைந்தாள். சித்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். தங்கை மேல் ஸ்தாயிக்குப் போனபோது மைக் கூவத் தொடங்கியது. அப்பா எழுந்து வந்து ட்ரிபிளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, “ம், பாடு” என்றார்.

அன்புடன்,
நாகப்பட்டினத்திலிருந்து உங்கள் ரசிகன்